மாடலில் போட்ட ஐந்து கோர்வை

பாய்மரத் தோணி மாடலுக்குக் கயிறு கட்டுவது எப்படி என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி எங்கள் கம்பெனி மேனேஜர் கேட்டார். கம்பெனி புது ஆபீசுக்கு மாறுகிறது. திறப்பு விழாவுக்குச் சிறப்பு மலர் போடுகிறார்களாம். பழைய ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் ‘மரியரத்தினம்’ தோணியின் மாடலைப் பழுது பார்த்துக் கொடுக்க வேண்டும், அதைக் கட்டியவன் என்ற முறையில் மலரிலும் நான் எழுத வேண்டும் என்றார். ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடமாக மூட்டுவலித் தைலத்தோடு வீட்டில் உட்கார்ந்திருப்பவனுக்கு இப்படி ஓர் அழைப்பு வந்தால் தலைகால் புரியாதுதான். வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். கேட்டது இரண்டு பக்கம், வந்தது இது. இதை மலரில் போட மாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நான் மாப்பிள்ளையூரணிக்காரன், பெயர் சுடலைமணி. பத்தாவதில் கணக்குப் பாடம் காலை வாரிவிட்டது. இரண்டு வருடம் ஊர் சுற்றினேன். அதற்குமேல் பொறுக்காத என் மாமா, சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து தோணிக் கம்பெனியின் கயிறு ஷெட்டில் இறக்கிவிட்டார். அங்கே முப்பத்தொன்பது வருடம். முதலில் தார்ச் சட்டி கிளறினேன், கயிறு சுமந்தேன், திட்டு வாங்கினேன். பிறகு கையில் மர ஊசி கொடுத்தார்கள். மூன்றாம் வருடத்திலிருந்து, கொழும்புக்கும் மாலிக்கும் போன எங்கள் தோணிகளில் என் கை படாத கயிறு குறைவு. நல்ல வேலைக்காரன் என்று பெயர் எடுத்தேன். அந்தப் பெயர்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது, இன்னொருவரைக் கவிழ்த்தது.

ஷெட்டுக்குப் பெரியவர் தொம்மை மேஸ்திரி. குட்டையான மனிதர், வாயைத் திறந்து பேசினால் அன்றைக்கு மழை வரும் என்று நாங்கள் கேலி பேசுவோம். நாங்கள் போட்ட கண்ணியைக் கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்கிக் கண்ணை மூடிக்கொள்வார். வலது கட்டைவிரலை அதன்மேல் மெதுவாக நடக்கவிடுவார். சரியாக இருந்தால் ஒரு “ம்”. சரியில்லை என்றால் இடுப்பில் இருக்கும் கத்தியை உருவிக் கண்ணிக்கு மேலே ஒரே வெட்டு. துண்டைத் தரையில் போட்டுவிட்டுப் போய்விடுவார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். துண்டை எடுத்துப் பிரித்து நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். இப்படி நான் பிரித்துப் பார்த்த துண்டுகளைச் சேர்த்து முடிந்தால் கொழும்பு வரைக்கும் ஒரு கயிறு போட்டிருக்கலாம்.

கண்ணி என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரிய வடத்தை மரத்திலோ வளையத்திலோ மாட்ட வேண்டுமானால் முடிச்சுப் போட மாட்டோம். நுனியை வளைத்து, மூன்று புரியாகப் பிரித்து, அந்தப் புரிகளை வடத்தின் உடம்பிலேயே மர ஊசியால் வழி திறந்து கோர்த்து இறக்குவோம். மூன்று புரியும் ஒருமுறை உள்ளே போய் வெளியே வந்தால் அது ஒரு கோர்வை. தும்புக் கயிற்றுக்கும் மணிலாக் கயிற்றுக்கும் மூன்று கோர்வை போதும். இழுக்க இழுக்க அது தானாகவே கடித்துக்கொள்ளும். நைலான் அப்படி இல்லை, வழுக்கும். அதற்கு ஐந்து வேண்டும். நைலான் எங்கள் ஷெட்டுக்கு வந்து அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கோர்த்து முடித்த இடத்தில் கித்தான் துணி சுற்றி, மெல்லிய கயிற்றால் வரிந்து, மேலே தார் பூசிவிடுவோம். அதன் பிறகு உள்ளே எத்தனை கோர்வை என்று கடவுளுக்கும் கோர்த்தவனுக்கும்தான் தெரியும். அதனால்தான் ஷெட்டில் ஒரு கட்டளை இருந்தது. மேஸ்திரியின் கட்டைவிரல் படாமல் எந்தக் கண்ணிக்கும் துணி சுற்றக் கூடாது.

நைலான் வந்த அந்த வருடம், ஒரு திங்கட்கிழமை விடியலில் மரியரத்தினம் மாலிக்குக் கிளம்ப வேண்டும். பாய்மரத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பக்க வடங்கள் பழசாகிவிட்டன என்று புதிதாக நைலான் வடம் வந்திருந்தது. வந்தது சனிக்கிழமை சாயங்காலம். மறுநாள் ஞாயிறு. மேஸ்திரி ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவாரே தவிர ஷெட்டுப் பக்கம் தலைவைத்துப் பார்க்க மாட்டார். வேலை என் தலையில் விழுந்தது.

காலை ஆறு மணிக்கு ஆரம்பித்தேன். எட்டு வடம், எட்டுக் கண்ணி. ஏழு கண்ணிக்கு ஐந்தைந்து கோர்வை ஒழுங்காகப் போட்டேன். எட்டாவதற்கு வரும்போது மணி ஒன்று. அன்று வீட்டில் மச்சினன்மார் வந்திருந்தார்கள், கறிக்குழம்பு வைத்திருந்தார்கள். இதை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் காரணம் அதுதான், வேறு இல்லை. மூன்று கோர்வை போட்டதும், இத்தனை காலம் எல்லாத் தோணியும் மூன்றில்தானே ஓடியது என்று ஒரு நினைப்பு வந்தது. துணியைச் சுற்றினேன், வரிந்தேன், தாரைப் பூசினேன்.

தோணியை ஓட்டுகிறவரை எங்கள் பக்கம் தண்டல் என்போம். மரியரத்தினத்தின் தண்டல் மிக்கேல். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும், வாட்டசாட்டமான ஆள். தகப்பன் இல்லாத வீட்டில் தங்கச்சியைத் தானே வளர்த்து, தன் தோணியிலேயே வேலை பார்த்த இன்னாசி என்ற நல்ல பையனுக்குக் கட்டிக் கொடுத்தவர். நான் தார் பூசி முடித்த நேரத்துக்கு வடத்தை எடுக்க வந்தார். மேஸ்திரி பார்த்தாரா என்று கேட்டார். “நான் போட்டா அவரு பாத்த மாதிரிதான் அண்ணாச்சி” என்றேன். அவர் சிரித்தார். “நீ போட்டா சரிதாம்ல” என்று வடத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் கறிச்சோறு சாப்பிடப் போனேன்.

மூன்றாம் நாள் சேதி வந்தது. பொழுது விடிகிற நேரத்தில் மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று திடீரென்று மிஞ்சியிருக்கிறது. காற்று வந்த பக்கத்து வடம் ஒன்று கண்ணியோடு உருவிக்கொண்டு வந்துவிட்டது. மரம் பாயோடு மறுபக்கம் சாய்ந்தது. சரக்கு ஒருபக்கம் சரிந்து தோணி கவிழ்ந்தது. பின்னால் வந்த வேறொரு தோணி ஆட்களைத் தூக்கியது. இன்னாசி மட்டும் பாயின் அடியில் போய்விட்டான். உடல் கிடைக்கவில்லை. மரமும் வடமும் கடலோடு போய்விட்டன.

அன்று மத்தியானம் தொம்மை மேஸ்திரி என்னைத் தார்ச் சட்டிப் பக்கம் கூப்பிட்டார். “எத்தன கோர்வ போட்ட?” என்று கேட்டார். “அஞ்சு” என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார். “ம்” என்று சொல்லாமலே போய்விட்டார்.

விசாரணை வைத்தார்கள். வெளியூரிலிருந்து அதிகாரி வருகிறார் என்றார்கள். தோணியின் கயிறுகள் கெட்டிருந்தனவா, ஓட்டினவர் கெடுத்தாரா என்பதுதான் கேள்வி. கயிறு கெட்டிருந்தது என்றால் இன்சூரன்ஸ் வராது, தண்டலின் தப்பு என்றால் வரும் என்று ஷெட்டில் பேசிக்கொண்டார்கள். அதிகாரிக்குத் தோணியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவருக்குப் புரியும்படி ஒரு மாடல் செய்து காட்டலாம் என்று வக்கீல் யோசனை சொன்னாராம். உடம்பைத் தோணி கட்டும் ஓடாவி செய்து கொடுப்பார், கயிறு கட்டுவது சுடலைமணி என்று முதலாளி சொல்லிவிட்டார். நான்கு வாரம் அவகாசம். மேஸ்திரி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “மாடல்ல அஞ்சு போடு.” அப்போதே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என்னை மறுபடி கேட்கவில்லையே என்று அன்று நிம்மதிப்பட்டேன். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்று பின்னால் பல வருடம் அவர்மேல் பழியைத் தள்ளிப் பார்த்தேன். அது ஒட்டவில்லை.

மேனேஜர் கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்று ஓடாவி கணக்கு வைத்திருந்தார். மாடல் மூன்றேகால் அடி நீளம் வந்தது. மாடலுக்குக் கயிறு கட்டுவதில் முதல் பாடம், கயிறு செய்வது. கடையில் வாங்கின நூலை அப்படியே கட்டினால் அது நூலாகத்தான் தெரியும். நூலை மூன்று புரியாக வைத்து, ஒரு முனையை ஆணியில் கட்டி, மறுமுனையைக் கை டிரில்லில் மாட்டி முறுக்க வேண்டும். தும்பு நிறத்துக்குத் தேயிலைத் தண்ணீரில் ஊற வைக்கலாம். காய்ந்ததும் மெழுகுவர்த்தித் துண்டில் இரண்டு தடவை இழுத்தால் பிசிறு அடங்கிவிடும். நைலான் வடத்துக்கு மீன்வலை நூலைப் பிரித்து முறுக்கினேன். கப்பிகளைப் புளியங்கட்டையில் செய்தேன், உளுந்தம்பருப்பு அளவுதான் இருக்கும், பழுக்கக் காய்ச்சிய ஊசியால் துளை போட வேண்டும். பத்துக்கு ஆறு வெடித்துவிடும். பாய்க்கு என் பழைய வேட்டியைக் கஞ்சி போட்டு எடுத்தேன்.

கட்டும் வரிசை முக்கியம். மரத்தை நட்டதும் முதலில் அணியத்துக்கு, அதாவது முன்பக்கத்துக்கு, இழுக்கும் கயிறு. பிறகு பக்க வடங்கள். இடப்பக்கம் ஒன்று கட்டினால் உடனே வலப்பக்கம் ஒன்று. ஒரே பக்கம் எல்லாவற்றையும் கட்டிவிட்டு மறுபக்கம் போனால் மரம் வளைந்துவிடும், பிறகு எதை இழுத்தாலும் எது தொய்கிறது என்று தெரியாது. கடலிலிருந்து வரும் கொண்டல் காற்றில் ஈரம் ஏறினால் நூல் தளரும், வெயிலில் இறுகும். அதனால் தினமும் ஒரே வேளையில்தான் கட்டுவேன். கண்ணிகளுக்குத் தையல் ஊசியால் கோர்த்தேன். கண்ணில் தண்ணீர் வரும் வேலை. எல்லாப் பக்க வடத்துக்கும் ஐந்து கோர்வை. எட்டாவது வடத்துக்கு இரண்டு தடவை பிரித்துத் திருப்பிப் போட்டேன். அத்தனை அழகான கோர்வை நான் நிஜத் தோணியில்கூடப் போட்டதில்லை.

கடைசியில் தாமான். பாயின் கீழ் முனையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்கு அந்தப் பெயர். காற்று மிஞ்சினால் அடுத்த நொடியில் விட்டுக்கொடுக்க வேண்டிய கயிறு அது. அதனால் எந்தத் தோணியிலும் தாமானை முடிச்சுப் போட மாட்டார்கள். முளையில் இரண்டு சுற்றுச் சுற்றி, நுனியை ஓர் ஆள் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். தாமானைக் கட்டிப்போட்டுவிட்டுக் கண்ணயர்ந்தான் என்பதைவிடக் கேவலமான பேச்சை ஒரு தண்டலைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் மாடலில் பிடித்துக்கொண்டிருக்க ஆள் கிடையாது. இரண்டு சுற்றோடு விட்டால் நூல் துள்ளி அவிழ்ந்துவிடும், பாய் தொங்கிவிடும். மாடல் கட்டுகிற எல்லோரும் அங்கே முடிச்சுப் போட்டு ஒரு சொட்டு வச்சிரப் பசை வைப்பார்கள். நானும் முடிச்சுப் போட்டேன், பசை வைத்தேன்.

போடும்போது யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். இதை அதிகாரி பார்த்தால் என்ன நினைப்பார் என்று தோன்றியது. ஒரு சின்ன மர மனிதனைச் செதுக்கி, உட்கார வைத்து, அவன் கையில் நுனியைக் கொடுக்கலாம் என்றுகூடத் தோன்றியது. அரை மணி நேர வேலை. செய்யவில்லை.

விசாரணை அன்று மாடலை வேட்டியால் மூடி, மடியில் வைத்துக்கொண்டு ரிக்‌ஷாவில் போனேன். அதிகாரி மரியாதையான மனிதர். எல்லோரையும் உட்காரச் சொன்னார். மாடலைச் சுற்றிச் சுற்றி வந்து குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டார். என்னிடம், தோணியில் பக்க வடங்களுக்கு எத்தனை கோர்வை போட்டீர்கள் என்று கேட்டார். ஐந்து என்றேன். மேஜையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து மாடலின் வடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஐந்து இருந்தது. தலையை ஆட்டிக்கொண்டு எழுதினார்.

பிறகு மிக்கேல் தண்டலைக் கூப்பிட்டார். தண்டல் நடந்ததைச் சொன்னார். வடம் கண்ணியோடு உருவிக்கொண்டது, அப்போது தாமான் இன்னாசி கையில் இருந்தது, அவன் விட்டுக்கொடுக்கத்தான் செய்தான், அதற்குள் மரம் விழுந்துவிட்டது என்றார். அதிகாரி மாடலைக் காட்டி, உங்கள் தோணி இப்படித்தான் இருந்ததா, நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றார். தண்டல் நின்ற இடத்திலிருந்தே ஒரு பார்வை பார்த்தார். கிட்டே வரவில்லை. “சுடல கட்டுனது சார். சரியாத்தான் இருக்கும். எழுதிக்கிடுங்க” என்றார்.

அதிகாரி எழுதினார். எழுதிவிட்டுப் பேனா முனையால் தாமானின் முடிச்சைத் தொட்டார். இங்கே இறுக்கமாக முடிச்சுப் போட்டிருக்கிறதே, கையில் பிடித்திருந்ததாகச் சொன்னீர்களே என்று கேட்டார். தண்டல் அப்போதுதான் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதிகாரியும் என் பக்கம் திரும்பினார். தோணியில் தாமானை இப்படித்தான் கட்டுவார்களா என்று கேட்டார்.

அது மாடலுக்காகப் போட்ட முடிச்சு சார், கடலில் யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். இதைச் சொல்ல எத்தனை நேரம் ஆகும்? மூச்சு ஒன்று போதும். ஆனால் தாமான் தப்பில்லை என்றால் அடுத்த கேள்வி வடத்தைப் பற்றி வரும் என்று எனக்குத் தெரியும். “கயிறு போட்டுக் குடுக்கதோட என் வேல முடிஞ்சிரும் சார். கடல்ல எப்படிக் கட்டுவாகன்னு எனக்குத் தெரியாது” என்றேன்.

தண்டல் அதற்குமேல் வாதாடவில்லை. கையில்தான் இருந்தது என்று இன்னொரு முறை சொன்னார். மாடல் சரி என்று நீங்கள்தானே சொன்னீர்கள் என்றார் அதிகாரி. பின்வரிசையில் இன்னாசியின் மனைவி, தண்டலின் தங்கச்சி பிலோமினா, கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் எழுந்து மேஜைக்கு வந்தாள். அந்த முடிச்சைக் குனிந்து பார்த்தாள். அண்ணனைப் பார்க்காமலே வெளியே போனாள்.

தண்டலின் கவனக்குறைவு, தாமானைக் கட்டிவிட்டு எல்லோரும் உறங்கியிருக்கிறார்கள் என்று முடிவு எழுதினார்கள். அதன்பின் மிக்கேலுக்கு யாரும் தோணி கொடுக்கவில்லை. உப்பளத்தில் மோட்டார் காவலுக்குப் போனார். எனக்கு யோகம் அடித்தது. அந்த மாடலைப் பார்த்தவர்கள் எல்லாம் எங்களுக்கு ஒன்று செய்து தா என்று வந்தார்கள். ஹோட்டலுக்கு, ஆபீசுக்கு, அன்பளிப்புக்கு என்று கட்டிக்கொண்டே இருந்தேன். பொன்னாடை போர்த்தினார்கள். எல்லா மாடலிலும் தாமானுக்கு முடிச்சும் பசையும்தான். ஒவ்வொரு தடவையும் கை அந்த இடத்துக்கு வரும்போது அதிகாரியின் பேனா முனை ஞாபகம் வரும். நிறுத்தவில்லை.

பிலோமினா பிள்ளையோடு எங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கமே குடி வந்துவிட்டாள். நான் வேலைக்குப் போகும் வழியில்தான் வீடு. அண்ணன் காலைப் பூசைக்குப் போனால் அவள் சாயங்காலப் பூசைக்குப் போவாள் என்றும், அண்ணன் கொடுத்து விடுகிற மீனைத் திருப்பி அனுப்புகிறாள் என்றும் கேள்விப்பட்டேன்.

ஒருநாள் டீக்கடையில் மிக்கேல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்த விஷயத்தை என்னிடம் பேசியது அன்றுதான். குரலை உயர்த்தவில்லை.

“சுடல, பிலோமி ஒங்க ஊர்ப் பக்கந்தான இருக்கா. ஒரு நட போய்ச் சொல்லேன், நான் தாமானக் கட்டலன்னு. நான் சொன்னா கேக்க மாட்டுக்கா. கயித்துக்காரன் சொன்னா கேப்பா.”

“சொல்லுதேன் அண்ணாச்சி” என்றேன்.

வேறெதையும் அவர் கேட்கவில்லை. வடத்தில் எத்தனை கோர்வை என்று கேட்கவில்லை, விசாரணையில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கவில்லை. தங்கச்சி தன்னோடு பேச வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நான் போகவில்லை. தினமும் அந்த வீட்டைத் தாண்டித்தான் சைக்கிள் மிதித்தேன். வீடு வரும்போது பெல்லைக்கூட அடிக்க மாட்டேன். பார்க்கும்போதெல்லாம் தண்டல் “போனியால?” என்று கேட்பார். ஆள் இல்லை, உடம்பு சரியில்லை, அடுத்த வாரம் என்று ஏதாவது சொல்வேன். ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை விட்டுவிட்டார். டீ மட்டும் வாங்கிக் கொடுப்பார். நானும் வாங்கிக் குடிப்பேன்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவர் இறந்துபோனார். அடக்கத்துக்குப் போனேன். ஊரே வரிசையில் நின்று குழியில் மண் போட்டது. நானும் ஒரு கைப்பிடி போட்டேன். பிலோமினா வரவில்லை.

இப்போது மாடலைப் பழுது பார்க்க மேனேஜர் அழைத்தாரே, அதற்குப் போய்ப் பெட்டியைத் திறந்தேன். நூலெல்லாம் இற்றுப்போய்த் தொட்டால் உதிர்ந்தது. எதை இழுத்தாலும் கையோடு வந்தது. தாமானின் முடிச்சு மட்டும் பசையில் இறுகிக் கல்லாக நின்றது. பிளேடால் அறுத்து எடுத்தேன். பக்கத்தில் நின்ற மேனேஜர், எவ்வளவு உறுதியாகப் போட்டிருக்கிறீர்கள் என்று பாராட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதியவர் பழைய நினைவில் அழுகிறார் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அங்கிருந்து நேரே பிலோமினா வீட்டுக்குப் போனேன். இதைத் தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். முதலாளி இல்லை, மேஸ்திரி இல்லை, அந்த அதிகாரியும் இப்போது இருக்க மாட்டார், தண்டலும் போய்விட்டார். என்னைக் கேள்வி கேட்க யாரும் மிஞ்சாத பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

அவள் முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினாள். நான் உட்காரவில்லை. எட்டாவது கண்ணியிலிருந்து ஆரம்பித்து, கறிக்குழம்பு, மேஸ்திரி கேட்டது, மாடலில் போட்ட முடிச்சு, அதிகாரியிடம் நான் சொன்ன பதில், டீக்கடையில் அவள் அண்ணன் கேட்டது எல்லாவற்றையும் சொன்னேன். கீரை உருவும் கை நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது.

“அப்ப அவுக முழிச்சித்தான் இருந்தாகளா?” என்று கேட்டாள்.

புருஷனைக் கேட்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. “ஆமாம்மா. தாமான் அவரு கையிலதான் இருந்துச்சு. ஒங்க அண்ணன் அன்னைக்கே சொன்னாரு” என்றேன்.

“அண்ணன் சொல்லிச்சு. வாசல்ல வந்து நின்னு எத்தனையோ நாள் சொல்லிச்சு. நான் முடிச்சக் கண்ணால பாத்தவ, கதவச் சாத்திட்டேன்.” கீரைச் சுளகைத் தள்ளி வைத்தாள். “நாலு வருசத்துக்கு முந்தி வந்திருக்கக் கூடாதா அண்ணாச்சி?”

அவள் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள். அண்ணனை எங்கன வச்சிருக்கு என்று கேட்டாள். எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. ஆட்டோ பிடித்தோம்.

கல்லறைத் தோட்டத்தின் வாசலில் இறங்கியதும், வேம்பைத் தாண்டி மூன்றாவது வரிசை, சிமெண்டுச் சிலுவை என்று கை நீட்டிக் காட்டினேன். கூட வரப்போனேன். “நீங்க இங்கனயே நில்லுங்க” என்றாள். நின்றேன்.

அவள் மெதுவாக வரிசையைத் தேடிப் போனாள். அந்த வரிசையில் எல்லாமே சிமெண்டுச் சிலுவைதான். பெயர் எழுதிய பெயிண்டை உப்புக்காற்று தின்றிருந்தது. ஒன்றின் முன்னால் நின்றாள், முட்டி போட்டாள், சிலுவையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாள். எண்ணே என்று அவள் கூப்பிடுவது வாசல் வரைக்கும் கேட்டது. அது அவள் அண்ணனுடைய கல்லறை இல்லை. அவர் அதற்கு அடுத்ததில் இருந்தார்.

அப்போதும் எனக்குச் சட்டென்று வாய் வரவில்லை. அழுதுவிட்டுப் போகட்டும், இரண்டும் பக்கத்தில்தானே இருக்கிறது, அவளுக்கு எப்படித் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பை எனக்கு நன்றாகத் தெரியும். வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன்.

“அது இல்லம்மா. அடுத்தது.”

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கையை ஊன்றி எழுந்து, ஓர் எட்டுத் தள்ளிப் போய், மறுபடியும் முட்டி போட்டாள்.